கற்பிப்பவரின் கல்வி
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை பேசிவரும் இவ்வட்டத்தில் நான் பெரும்பாலும் பின்வரிசையில் அமர்ந்து கேட்டவன். விழாவில் நீங்களும் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் பணித்தபோது, எனக்குக் கவிதை பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று தயங்கினேன். “உங்கள் துறையைப் பற்றியே பேசுங்கள்” என்றனர். என் துறை, மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மை கற்பித்தல். கவிஞர்கள் கூடிய அவையில் உரத்தையும் பூச்சியையும் பேசுவது பொருந்துமோ என்னும் ஐயம் அப்போதும் தீரவில்லை. ஆயினும் திருவள்ளுவர் 40ஆம் அதிகாரத்தைக் கல்விக்கும் 104ஆம் அதிகாரத்தை உழவுக்கும் வைத்தார். இரண்டுக்கும் ஒரே நூலில் இடம் இருக்கும்போது, இரண்டையும் சேர்த்தே சுமக்கும் ஓர் ஆசிரியரைப் பற்றி இங்குப் பேசலாம் என்று துணிந்து வந்திருக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட வினா எளியது. பள்ளியில் வேளாண்மை கற்பிக்கும் ஆசிரியர், பட்டம் பெற்று வேலையில் அமர்ந்த பின்னும் ஏன் தேடித்தேடிக் கற்கிறார்? அரசு ஆணையிட்டுப் பயிற்சிக்கு அனுப்பினால் எல்லா ஆசிரியரும் போவர். ஆணை இல்லாமலும், விடுமுறை நாளில் கைப்பணம் செலவழித்தும் இவர்களிற் பலர் பயிற்சிக்குப் போவதை நான் முப்பதாண்டுக் காலம் கண்டிருக்கிறேன். அதற்குரிய காரணங்களை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

யார் இந்த ஆசிரியர்?

தமிழகத்தில் முறையான வேளாண் கல்வி நெடிய வரலாறு உடையது. சென்னைச் சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. அங்கு வளர்ந்த கல்லூரியே 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. பள்ளிக்கூடத்தின் கதை இதனின் வேறு. 1978இல் நம் மாநிலத்தில் மேல்நிலைக் கல்வி வந்தபோது அதனுடன் தொழிற்பிரிவும் வந்தது. அத்தொழிற்பிரிவின் பாடங்களுள் வேளாண்மையும் ஒன்று. அதைக் கற்பிக்க வந்தோர் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் பகுதிநேரப் பணியில் அமர்ந்தவர்கள். பணி நிலைப்பட்ட பின்னும் பதவி உயர்வுக்கான படிகள் அவர்களுக்கு மிகக் குறைவு.

இதனை நான் மனக்குறையாகச் சொல்ல வரவில்லை. நம் வினாவுக்கு இது தொடர்புடையது. அமெரிக்க நாட்டில் பல மாநிலங்களில் ஆசிரியர் உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி கட்டாயம். அங்கே ஒருவர் பயிற்சிக்குச் சென்றால் உரிமத்திற்காகச் சென்றார் எனலாம். நம் வேளாண் ஆசிரியர் பெறும் பயிற்சிச் சான்றிதழோ பெரும்பாலும் வீட்டு அலமாரியில்தான் கிடக்கும். ஆகவே அவர் கற்பதற்குரிய காரணத்தை ஊதியப் பட்டியலுக்கு வெளியேதான் தேட வேண்டும்.

சொல்லை மண் சோதிக்கும்

முதற் காரணம், அவருடைய சொல் அன்று மாலையே சோதனைக்கு உள்ளாகிறது என்பது. வரலாற்று ஆசிரியர் ஒரு போரின் ஆண்டைச் சொன்னால் மாணவன் அதை ஏட்டில் எழுதிக்கொள்வான். தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். வேளாண் ஆசிரியர், “நெல்லுக்குத் தழைச்சத்தை ஒரேயடியாக இடாமல் பிரித்து இடவேண்டும்” என்று சொன்னால், அதைக் கேட்ட பிள்ளை வீட்டுக்குப் போய்த் தந்தையிடம் சொல்கிறான். தந்தை தம் வயலில் ஒரு பாத்தியில் செய்து பார்க்கிறார். விளைந்தால் ஆசிரியருக்குப் பெருமை. விளையாவிட்டால் இழப்பு அந்தக் குடும்பத்தினுடையது. அது மதிப்பெண்ணில் தோன்றாது, ஊர்க்கடனில் தோன்றும். இந்தப் பொறுப்பை உணர்ந்த எவரும் பத்தாண்டுக்கு முன் படித்த குறிப்பேட்டை நம்பி வகுப்பறைக்குள் நுழைய அஞ்சுவர். அந்த அச்சம் நல்ல அச்சம்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்ப்டன் நகரில் ஒரு வேளாண் பள்ளியை நடத்திய ரூஃபஸ் ஸ்டிம்சன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு முறையைக் கொணர்ந்தார். மாணவன் பள்ளியில் கற்றதைத் தன் வீட்டுப் பண்ணையிலேயே ஒரு திட்டமாகச் செய்ய வேண்டும். ஆசிரியர் அங்குச் சென்று பார்க்க வேண்டும். 1917இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட ஸ்மித்–ஹியூஸ் சட்டம், வேளாண்மை பயிலும் மாணவர் ஆண்டுக்கு ஆறு திங்களேனும் பண்ணையில் மேற்பார்வையுடன் பயிற்சி பெறவேண்டும் என விதித்தது. விளைவு யாது? ஆசிரியர் கரும்பலகையை விட்டுப் பண்ணை வாயிலுக்கு வர நேர்ந்தது. அங்கே மாணவனின் தந்தை நின்றார். பாடநூலில் இல்லாத வினாக்களைக் கேட்டார். அந்த வினாக்களே ஆசிரியரை மறுபடியும் மாணவராக்கின. நம் ஊரில் இப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் வயல் பள்ளிக்கு அருகிலேயே இருப்பதால், சட்டம் இல்லாமலே அந்தத் தந்தை நம் வாயிலுக்கு வந்துவிடுகிறார்.

நேற்றைய பாடம் இன்று பொருந்துமா?

இரண்டாவது காரணம், பாடப்பொருள் மாறிக்கொண்டே இருப்பது. 1966இல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 நம் வயல்களுக்கு வந்தது. அதே காலத்தில் ஆடுதுறை 27 என்னும் நெல், திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பால் தஞ்சை மாவட்டத்தில் பரவி, ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது. புதிய நெல் மிகுதியான தழைச்சத்தைத் தாங்கி விளைந்தது. மிகுதியாக இட்டனர், மிகுதியாக மருந்தும் தெளித்தனர். எழுபதுகளில் புகையான் பெருகி வயல்களை அழித்தது. புகையானைத் தின்னும் சிலந்திகளை மருந்து கொன்றுவிட்டது என்பது பின்னர்த்தான் தெளிவாயிற்று. ‘பூச்சியைக் கண்டால் தெளி’ என்னும் பாடம் ‘முதலில் எண்ணிப் பார், நன்மை செய்யும் பூச்சி எத்தனை, தீமை செய்வது எத்தனை என்று கணக்கிடு’ என மாறியது. ஒரே ஆசிரியர் தம் பணிக்காலத்திற்குள் இந்த இரண்டு பாடங்களையும் நடத்த வேண்டியிருந்தது.

இதனினும் தெளிவான ஒரு நிகழ்ச்சியை நான் அருகிலிருந்து கண்டேன். 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மரங்களில் ஒரு புதிய மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். ஓரிரு ஆண்டுகளில் அது பப்பாளியைக் கடந்து மரவள்ளி, மல்பெரி, பருத்தி, வீட்டுவாசல் செம்பருத்தி என எதையும் விட்டுவைக்கவில்லை. இலையும் காயும் வெண்பஞ்சு போர்த்தியவை போல் ஆயின. பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் மதிய உணவுப் பாத்திரத்தில் ஒரு மரவள்ளி இலையை மூடிக்கொண்டு வந்தான். “சார், இது என்ன பூச்சின்னு அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. மூணு மருந்து அடிச்சுட்டோம், போகல” என்றான். அன்று எங்கள் பாடநூலில் அப்பூச்சி இல்லை; இருக்கவும் முடியாது. “கேட்டுச் சொல்கிறேன் தம்பி, அதுவரை நான்காவது மருந்து அடிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்” என்றேன். அடுத்து வந்த விடுமுறை நாளில் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாரிடம் சென்றேன். என்னைப்போல் இலையை உறையில் இட்டுக்கொண்டு வேறு பள்ளி ஆசிரியர் இருவர் அங்கே முன்னரே நின்றிருந்தனர்.

அப்பூச்சியின் உடலை மூடிய மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை. தெளித்த நஞ்சோ அதைத் தின்னும் பொறிவண்டுகளைக் கொன்றது. 2010இல் பெங்களூருவிலுள்ள நடுவண் அரசின் பூச்சியியல் ஆய்வு நிறுவனம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றுள் அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் மிகச் சிறிய குளவி நம் மண்ணில் நிலைகொண்டது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் இக்குளவியைப் பெருக்கி, வயல்களில் விட்டனர். பல திங்களாக மருந்தால் ஆகாதது அக்குளவியால் ஆயிற்று.

இதில் ஆசிரியரின் பணி என்ன? குளவியை விட்ட வயலில் மருந்து அடிக்கக்கூடாது என்பதை ஊருக்குப் புரியவைத்ததுதான். பூச்சிக்கு எதிராகப் பூச்சியை விடுகிறோம் என்றால், ‘இருப்பது போதாதென்று இன்னொன்றா?’ என்று கேட்காத உழவர் இல்லை. அதற்கு விடை சொல்ல ஆசிரியர் அக்குளவியின் வாழ்க்கையைத் தாமே உருப்பெருக்கியின் கீழ்க் கண்டிருக்க வேண்டும். ஒருநாள் பயிற்சியில் நாங்கள் அதைக் கண்டோம். அந்த ஒருநாள் பல வயல்களைக் காத்தது என்று நம்புகிறேன்.

அதன்பின்னும் புதியன வந்துகொண்டே இருந்தன. 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ. 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு. பாடநூல்கள் 2018–19இலும் 2019–20இலும் புதுப்பிக்கப்பட்டன, மகிழ்ச்சி. ஆயினும் பூச்சி பாடநூல் குழுவின் கூட்டத்திற்காகக் காத்திருப்பதில்லை. நூலுக்கும் வயலுக்கும் இடையே விழும் அந்தக் கால இடைவெளியை நிரப்புபவர் ஆசிரியர் ஒருவரே.

சொல்லும் ஒரு கருவி

மூன்றாவது காரணம் இவ்வவைக்கு நெருக்கமானது. புதிய வேளாண் அறிவு பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. நம் மாணவரோ தமிழில் பயில்கின்றனர். அவர்தம் பெற்றோர் ஊர்த்தமிழில் உழுகின்றனர். ஆகவே வேளாண் ஆசிரியர் கற்க வேண்டியவற்றுள் சொல்லும் அடங்கும்.

நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும், பாஸ்பரசை மணிச்சத்து என்றும், பொட்டாசியத்தைச் சாம்பல்சத்து என்றும் வழங்குகிறோம். இச்சொற்களை ஆக்கியோர் வேதியியலை மட்டும் பார்க்கவில்லை, பயிரைப் பார்த்தனர். ஒன்று தழையை வளர்க்கும், ஒன்று மணியைத் திரட்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. சாம்பல்சத்து மட்டும் அது கிடைத்த இடத்தால் பெயர் பெற்றது. அதற்குரிய ஆங்கிலச் சொல்லும் பானைச் சாம்பலிலிருந்து பிறந்ததே. இப்பெயர்களைச் சொன்ன அளவில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

உழவர் இட்ட பெயர்கள் இன்னும் நுட்பமானவை. புகையான் தாக்கிய வயல் இடையிடையே தீய்ந்து, புகை பட்டதுபோல் தோன்றும். ஆதலால் அது புகையான். நெற்பழ நோயைச் சில ஊர்களில் ‘இலட்சுமி நோய்’ என்பர். நல்ல மழையும் செழித்த பயிரும் உள்ள ஆண்டில் அது மிகுதியாகத் தோன்றுவதால், அதை நல்விளைச்சலின் அறிகுறியாகக் கருதி மகிழ்ந்தனர். இங்கே ஆசிரியர் நுட்பமாக நடந்துகொள்ள வேண்டும். உழவர் கண்டது மெய்தான். பயிருக்கு உகந்த ஈரமும் ஊட்டமும் அப்பூசணத்திற்கும் உகந்தவை. ஆனால் அது திருமகள் வருகை அன்று, மணியைக் கெடுக்கும் நோய் என்பதையும் சொல்ல வேண்டும். ஊரின் அறிவை இகழாமல் அதைத் திருத்துவது எப்படி என்பதைக் கல்லூரியில் யாரும் கற்பிக்கவில்லை. ஒருவரையொருவர் கேட்டே கற்றோம்.

உழவரிடமிருந்து கற்பதும் இதனுள் அடங்கும். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் 2018இல் மறைந்தார். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவுக்குச் சென்று விதையும் செய்தியும் பெற்றுவந்த ஆசிரியர்களை அறிவேன். முக்கூடற்பள்ளு தரும் நெல்வகைப் பட்டியலைத் தமிழாசிரியர் நடத்துவார். அத்தகைய மரபு நெல் ஒன்றின் கதிரை மாணவர் கையில் கொடுக்க வேளாண் ஆசிரியரால் முடியும். இருவரும் ஒரே பள்ளியில் இருந்தும் ஒருவரையொருவர் அழைப்பதில்லை என்பதே என் வருத்தம்.

கவிஞர் பெ. தூரன் அவர்களை இங்கு நினைவுகூர்கிறேன். கோவைப் பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராய் இருந்தவர். பின்னர்த் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராகி, 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளை வெளிக்கொணர்ந்தார். கவிதை எழுதிய கை அறிவியலுக்குரிய தமிழையும் திருத்தியது. அத்தகைய கைகள் இவ்வட்டத்திலும் உள்ளன.

தனிமையும் கூட்டமும்

நான்காவது காரணத்தை எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ஒரு பள்ளியில் தமிழாசிரியர் மூவர் இருப்பர், கணக்காசிரியர் நால்வர் இருப்பர். வேளாண் ஆசிரியர் பெரும்பாலும் ஒருவரே. அவர் ஓர் ஐயத்தைக் கேட்க ஆசிரியர் அறையில் ஆள் இல்லை. கையில் மண் ஒட்டியிருக்க வகுப்பிலிருந்து வருபவரைச் சற்று வேறாகப் பார்ப்பதும் உண்டு. இத்தகையவர் பயிற்சி முகாமுக்கு வரும்போது, முப்பது பேர் தம் மொழியில் பேசுவதைக் கேட்கிறார். “உங்கள் பள்ளியில் கிணறு உண்டா? செய்முறைத் தோட்டத்துக்கு எத்தனை சென்ட் தந்தார்கள்? ஆடு புகுந்தால் என்ன செய்கிறீர்கள்?” என்பன அங்கே தேநீர் இடைவேளையில் எழும் வினாக்கள். உரை நிகழ்ந்த மணி நேரத்தைவிட அந்த இடைவேளையில் நான் கற்றது மிகுதி.

கவிஞர் பெருமக்களே, இதை நீங்கள் நன்கு அறிவீர்கள். கவிதையைத் தனியே அமர்ந்துதான் எழுதுகிறீர்கள். ஆயினும் திங்கள்தோறும் இங்கு வருகிறீர்கள். ஊதியம் இல்லை; சான்றிதழ் இல்லை; சிற்றுந்துக் கட்டணமும் உங்களுடையதே. எழுதியதைத் தெரிந்தவர் முன் வைத்து, ‘இவ்வடி தளர்கிறது’ என்று ஒருவர் சொல்லக் கேட்பதற்காகவே வருகிறீர்கள். வேளாண் ஆசிரியர் பயிற்சிக்குப் போவதும் இதே வேட்கையால்தான். இவ்வட்டம் பத்தாண்டு நிலைத்ததன் காரணத்தை அறிந்தவர்க்கு, என் வினாவின் விடையும் தெரிந்தே இருக்கும்.

செய்ய வேண்டுவன

இத்தகைய ஆர்வம் தானே தழைக்கும் என்று விட்டுவிடலாகாது. பயிற்சிகள் சில வேளைகளில் பருவம் பாராமல் நடைபெறுகின்றன. நாற்றங்கால் பற்றிய பயிற்சியை வறண்ட கோடையில் அரங்கத்துள் படம் காட்டி நடத்துவதால் பயன் குறைவு. பயிரின் பருவத்தோடு ஒட்டிப் பயிற்சி அமைய வேண்டும். 1974இல் புதுச்சேரியில் நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கப்பட்டு, இன்று மாவட்டந்தோறும் விரிந்துள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள், பள்ளி ஆசிரியரையும் தம் கடமைக்கு உரியவராகக் கொள்ள வேண்டும். பயிற்சிக் குறிப்புகள் தமிழில் வேண்டும். அத்தமிழ் உழவர்க்கும் விளங்க வேண்டும்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. ஓய்வுபெறும் வேளாண் ஆசிரியரின் இடம் நிரப்பப்படாமல், பிரிவே மூடப்பட்ட பள்ளிகளை நாம் கண்டிருக்கிறோம். ஓர் ஆசிரியர் முப்பதாண்டு தேடிச் சேர்த்தது, ஏற்றுக்கொள்ள அடுத்தவர் இல்லாமல் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அந்த ஊரில் இலையைப் பாத்திரத்தில் மூடிக்கொண்டு வரும் பிள்ளைக்கு, ‘கேட்டுச் சொல்கிறேன் தம்பி’ என்று சொல்ல ஆள் இராது. மருந்துக்கடைக்காரர் மட்டும் இருப்பார். அவர் நான்காவது மருந்தை எடுத்துக் கொடுப்பார். உழவர் வீட்டுப் பிள்ளைகள் உழவை அறிவாகக் கற்கும் வாயில் அடைபடலாகாது என்பதை, வாய்ப்புள்ள இடமெல்லாம் நீங்களும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வட்டத்திற்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆண்டுக்கு ஒரு கூட்டத்தையேனும் உழவுச் சொற்களுக்கென ஒதுக்குங்கள். அப்பகுதி வேளாண் ஆசிரியரையும் மூத்த உழவர் இருவரையும் அழையுங்கள். பட்டம், பதம், பாத்தி, பரம்பு எனத் தொடங்கி, வழக்கிழந்து வரும் சொற்களை அவர்கள் சொல்ல, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். புதிதாய் வந்த பூச்சிக்கும் முறைக்கும் அவர்கள் பொருள் சொல்லட்டும். நீங்கள் பெயர் சொல்லுங்கள். ஆசிரியருக்கு அது ஒருநாள் பயிற்சி, கவிஞர்க்கும் அவ்வாறே.